ஸ்பேனர் படம் போட்ட போர்ட்

பஞ்சு எங்கெங்கெல்லாம் போய் உட்காரும் என்பது மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2011-இல் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையின் சர்வர் அறையில், ரேக்கின் பின்பக்கம் மண்டி போட்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு, இரண்டு ஏ.சி., வாசலில் தூசி ஒட்டிக்கொள்ளும் மிதியடி என்று எல்லாம் வைத்திருந்தார்கள். அப்படியும் உள்ளே பஞ்சு வந்திருந்தது. சர்வரின் முதுகில் நான்கு நெட்வொர்க் போர்ட்டிலும் கேபிள் ஏறியிருந்தது. சற்றுத் தள்ளித் தனியாக இருந்த ஐந்தாவது போர்ட்டை மட்டும் பஞ்சு அடைத்திருந்தது. அதன் மேல் சின்னதாக ஒரு ஸ்பேனர் படம். சர்வர் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் போர்ட்டில் ஒருநாளும் கேபிள் செருகியதில்லை என்பதற்கு அந்தப் பஞ்சே சாட்சி.

"இதையும் ஸ்விட்சுல சேர்த்திரலாங்களா?" என்று அங்கிருந்த மேனேஜரிடம் கேட்டேன். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது. அதுக்கு எதுக்குங்க இன்னொரு கேபிளு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. விற்றவர்கள் அந்தப் போர்ட்டைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நானும் அன்றைக்கு அழுத்திச் சொல்லவில்லை. பஞ்சை ஊதிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஸ்பேனர் போர்ட், மதர்போர்டில் தனியாகக் குடியிருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரின் வாசல். பொதுப்பெயர் பி.எம்.சி. ஹெச்.பி. சர்வரில் அதை ஐலோ என்போம், டெல்லில் ஐடிராக், லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி. பெரிய சர்வர் அணைந்து கிடந்தாலும், சுவரிலிருந்து வரும் பவர் கேபிள் செருகியிருக்கும் வரை இது விழித்திருக்கும். இதற்கென்று தனி புராசஸர், தனி மெமரி, தனி ஐ.பி. விலாசம் உண்டு. எந்த ஃபேன் நின்றது, எந்த பவர் சப்ளை போனது, உள்ளே இழுக்கும் காற்று எத்தனை டிகிரி என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். தூரத்தில் உட்கார்ந்து அதன் வழியாக சர்வரின் திரையைப் பார்க்கலாம். பவர் பட்டனை அழுத்தலாம். விரல் வேண்டியதில்லை.

என் ஊர் தொண்டாமுத்தூர். பேருந்து நிறுத்தத்திலிருந்து மேற்கே போனால் எங்கள் தோட்டத்துச் சாளை வரும். பாதி பாக்கு, பாதி சின்ன வெங்காயம். பின்னால் வெள்ளியங்கிரி மலை. படிப்பு பாலிடெக்னிக் டிப்ளமோ. வேலை, சர்வர் பராமரிப்புக் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒரு கம்பெனியில். மில், மருத்துவமனை, கல்லூரி என்று எங்கே சர்வர் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

2012-ஐ கோயமுத்தூரில் தொழில் செய்த யாரும் மறக்க மாட்டார்கள். சென்னையைத் தவிர்த்து மற்ற ஊர்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. மில்காரர்கள் டீசலுக்குக் கொடுத்தே ஓய்ந்து போனார்கள். அந்த வருஷம் ஒரு ராத்திரி, பல்லடத்து மில்லில் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்க நேரமாகி, யு.பி.எஸ். பேட்டரி தீர்ந்து, எல்லாச் சர்வரும் படுத்துவிட்டன. கரண்ட் வந்ததும் மற்றவை எழுந்தன. அந்தப் பஞ்சு அடைத்த சர்வர் மட்டும் எழவில்லை. விடியற்காலை ஷிப்ட்டுக்கு ஆட்கள் வருகைப் பதிவே அதில்தான். ஒன்றரை மணிக்கு போன் வந்தது.

எங்கள் பக்கம் ராத்திரியில் பைக் எடுப்பது சாதாரண விஷயம் கிடையாது. வாழை, பாக்கு வாசத்துக்கு யானை இறங்கும் பாதை அது. பொறுமையாக ஹாரன் அடித்தபடி ஊர் எல்லையைத் தாண்டி, வடவள்ளி வழியாக நகரத்துக்குள் வந்து, அங்கிருந்து பல்லடம் ரோடு. மொத்தம் 50 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்து, ரேக்கின் முன்பக்கம் நின்று, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தினேன். சர்வர் எழுந்துகொண்டது. கரண்ட் திரும்பி வந்தால் தானாக எழ வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்று பயாஸில் ஒரு செட்டிங் உண்டு. அது 'அணைந்தே இரு' என்பதில் நின்றிருந்தது. வேறு கோளாறு எதுவுமில்லை.

விடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, அம்பது கல்லு போயி பட்டனைத்தான் அமுத்தீட்டு வந்தயா?" என்றார். கேலியில்லை. மகன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன தூரத்தை நினைத்துக் கேட்டது. அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. அந்த வாரமே மறுபடி மில்லுக்குப் போய், யாரையும் கேட்காமல் என் கைக்காசில் ஒரு பேட்ச் கார்டு வாங்கி அந்தப் போர்ட்டில் செருகினேன்.

செருகினால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். பி.எம்.சி.க்கு விலாசம் கொடுத்து, என் லேப்டாப்பில் அதன் பக்கம் திறந்ததைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினேன். அடுத்த மாதம் மறுபடி கரண்ட் போனது. வீட்டில் உட்கார்ந்து டேட்டா கார்டு போட்டு மில்லின் நெட்வொர்க்குக்குள் நுழைந்துவிட்டேன். சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஓடுகிறது. ஆனால் பி.எம்.சி. பதில் பேசவில்லை. காரணம், நான் கேபிள் செருகிய அந்தச் சின்ன ஸ்விட்சுக்குப் பவர் சுவரிலிருந்து நேராக எடுத்திருந்தேன். யு.பி.எஸ்.ஸில் பிளக் இடம் இல்லை என்று அப்போதைக்குச் செய்த ஏற்பாடு. கரண்ட் போகும்போதுதான் அந்த வழி வேண்டும். கரண்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. இன்றைக்கும் புதிய இடத்துக்குப் போனால் மேனேஜ்மென்ட் ஸ்விட்சின் பவர் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே அது போய்ச் சேரும் பிளக் வரை நடந்து பார்ப்பேன்.

அதே காலத்தில்தான் அப்பா கிணற்று மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் போட்டார். தோட்டத்து மூன்று பேஸ் கரண்ட் ராத்திரியில் எப்போது வரும் என்று தெரியாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கும் சாளைக்கும் நடந்து ஓய்ந்து போயிருந்தார். யானை பயம் வேறு. மாட்ட வந்த மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே வரிசையாகக் கேள்வி கேட்டார். மோட்டார் ரூமில் சிக்னல் எத்தனை கோடு? சிம் யார் பேரில்? முதலில் எந்த நம்பரைப் பதியட்டும், அந்த நம்பர் சொன்னால்தான் மற்ற நம்பரை ஏற்கும். மாதா மாதம் ரீசார்ஜ் யார் பார்ப்பார்கள்? எல்லாம் முடிந்ததும் அப்பா வெள்ளை பெயின்ட் எடுத்து, மோட்டார் ரூம் சுவரில் அந்த சிம் நம்பரைக் கையகல எழுத்தில் எழுதி வைத்தார். போன் தொலைந்தாலும் நம்பர் தொலையக் கூடாது என்றார். பக்கத்துத் தோட்டத்தில் நம்பர் தெரியாமலேயே ஸ்டார்ட்டர் ஒரு வருஷம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்க்கிற வேலைக்கு அந்த மெக்கானிக் கேட்ட கேள்விகள்தான் பாடத்திட்டம். அதை அப்போதே புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். புரிய வைத்தது 2017.

அந்த வருஷம் ஒரு பெரிய மில் குழுமத்துக்கு எல்லா சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் வேலை வந்தது. அவிநாசி ரோட்டில் தலைமை அலுவலகம். பல்லடம், உடுமலை, அவிநாசி என்று யூனிட்டுகள். மொத்தம் 64 சர்வர். நிர்வாக மென்பொருளைத் தலைமை அலுவலகத்தில் போட்டாயிற்று. அதில் 'டிஸ்கவரி' என்று ஒரு பட்டன். வாடிக்கையாளருக்குக் காட்டிய விளக்கப் படத்தில், அந்தப் பட்டனை அழுத்தியதும் திரை முழுக்க சர்வர்கள் வரிசையாக வந்து நிற்கும். நாங்கள் அழுத்தினோம். 22 வந்தது.

அந்தப் பட்டன் உண்மையில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் ஒரு விலாச வரிசையைக் கொடுப்போம். அது ஒன்றிலிருந்து 254 வரை ஒவ்வொரு விலாசத்தையும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்த இடத்தில் கதவைத் தட்டும். 443-ஆம் போர்ட்டில் தட்டி 'ரெட்ஃபிஷ் பேசுவாயா' என்று கேட்கும். 623-இல் தட்டி ஐ.பி.எம்.ஐ., 161-இல் தட்டி எஸ்.என்.எம்.பி. ஐ.பி.எம்.ஐ. என்பது 1998-இல் இன்டெல், டெல், ஹெச்.பி., என்.இ.சி. நான்கு பேரும் சேர்ந்து வகுத்த பொது மொழி. இரண்டாம் பதிப்பு 2004-இல் வந்தது. ரெட்ஃபிஷ் 2015-இல் டி.எம்.டி.எஃப். அமைப்பு கொண்டுவந்த புது மொழி. ஏதாவது ஒரு மொழியில் பதில் வந்தால், நாம் கொடுத்து வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி உள்ளே போய், சீரியல் நம்பரையும் மாடலையும் கேட்டுப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். இவ்வளவுதான். கண்டுபிடிக்கும் மென்பொருள் என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஊருக்குள் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை முன்னாலேயே ஒருவர் நடந்து போய் எழுதி வைத்திருந்தால்தான் தபால்காரருக்கு வழி கிடைக்கும்.

அந்த நடையை இரண்டு வாரம் நடந்தோம். புதிதாக வந்த எட்டுப் பெட்டிகளைப் பிரித்தால், எல்லாவற்றிலும் கம்பெனியிலேயே ஒரே விலாசம் போட்டிருந்தது. ஐடிராக் பல தலைமுறைகளாக 192.168.0.120 என்ற விலாசத்தோடுதான் வந்துகொண்டிருந்தது. தனித்தனியாக மாற்றினால் ஒரு தொந்தரவும் இல்லை. அவசரத்தில் எட்டையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டோம். ஒரு சர்வரின் பக்கத்தைத் திறந்து பெயர் மாற்றினால், சேமிக்கும்போது வேறொரு சர்வரில் போய்ச் சேமிக்கிறது. நாலாவது முறை அப்படி ஆனதும் எல்லாக் கேபிளையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினேன். இன்னொரு யூனிட்டில் ஸ்விட்ச் போர்ட்டை ஆயிரம் எம்.பி. வேகத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். பழைய பி.எம்.சி.க்கு நூறுக்கு மேல் தெரியாது. விளக்கே எரியவில்லை.

பாஸ்வேர்டு ஒரு தனிக் கதை. வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவு 24 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். வெப் பக்கத்தில் வேலை செய்தது, மென்பொருளில் செய்யவில்லை. ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பு 20 எழுத்துக்கு மேல் வாங்காது. அது தெரியாமல் பழைய பாஸ்வேர்டுகளையும் பட்டியலில் சேர்த்து 'ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்' என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டேன். அது அரை மணிக்கு ஒரு முறை தப்பான பாஸ்வேர்டைப் போட, பி.எம்.சி.கள் எங்கள் நிர்வாக சர்வரையே திருடன் என்று நினைத்து அதன் விலாசத்தைத் தடை செய்துவிட்டன. பி.எம்.சி. செய்தது சரிதான். அதற்கப்புறம் டிஸ்கவரிக்கென்று தனிக் கணக்கு, அதற்கு ஒரே பாஸ்வேர்டு, 16 முதல் 20 எழுத்துக்குள், முதலில் ஒரே ஒரு சர்வரில் சோதித்த பிறகுதான் மற்றவை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் முடிந்து பட்டனை அழுத்தினோம். 61.

மீதி மூன்று எங்கே? நூலின் இழை அறுந்த இடத்தைத் தேடுகிற மாதிரிதான். முதலாவது, அவிநாசி யூனிட். ஸ்பேனர் போர்ட்டில் கேபிள் இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் பி.எம்.சி. அந்த வழியாகப் பேசவில்லை. 'பொதுப் போர்ட்டைப் பகிர்ந்துகொள்' என்ற செட்டிங்கில் இருந்ததால், அது சர்வரின் முதல் நெட்வொர்க் போர்ட் வழியாக வேறொரு நெட்வொர்க்கில் பேசிக்கொண்டிருந்தது. கேபிள் காட்டுகிற வழி ஒன்று, பேச்சு போகிற வழி இன்னொன்று. சர்வரை ஒரு மதிய இடைவேளையில் ரீஸ்டார்ட் செய்து செட்டிங்கைத் தனிப் போர்ட்டுக்கு மாற்றியதும் சரியானது.

இரண்டாவது, உடுமலை. அங்கிருந்த பையன் "எனக்கு வருதுங்கண்ணா" என்கிறான். எனக்கு வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அரை நாள் போனது. விலாசம் சரி, சப்நெட் மாஸ்க் சரி, கேட்வே என்ற கட்டம் மட்டும் காலி. அதே அறைக்குள் இருப்பவனுக்கு அந்தக் கட்டம் தேவையே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் கேள்வி உள்ளே போய்விடும். பதிலுக்கு வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே நிற்கும். அன்றிலிருந்து, பி.எம்.சி. போட்டு முடித்தால் அதே அறையில் நின்று சோதிப்பதை நான் சோதனையாகவே ஏற்பதில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் எங்களை உலுக்கியது. பல்லடத்தில் ஒரு சர்வர் கணக்கிலே இருக்கிறது, பட்டியலிலே இல்லை. அதே சமயம் பட்டியலில் பெயரில்லாமல், சீரியல் நம்பர் இல்லாமல் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஏதோ பழைய பெட்டி என்று அதை ஒதுக்கி வைத்திருந்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு யோசனை வந்தது. பெரும்பாலான சர்வர்களில் அடையாள விளக்கு என்று ஒன்று உண்டு. இங்கிருந்து கட்டளை கொடுத்தால் சர்வரின் முன்னும் பின்னும் ஒரு நீல விளக்கு மின்னும். பெயரில்லாத அந்த வரிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு மில்லுக்கு போன் போட்டேன். ஐ.டி. ஆள் கிளம்பிவிட்டார். ஸ்பின்னிங் பிரிவு சூப்பர்வைசர் ஒருவர்தான் கிடைத்தார். "சர்வர் ரூமுக்குள்ள போயி, பின்னால நின்னு, நீல லைட்டு ஏதாச்சும் மினுக்குதான்னு பாருங்கண்ணா" என்றேன். போனில் ஏ.சி. இரைச்சல் கேட்டது. ரேக் கதவு திறக்கும் சத்தம். அவர் ஒவ்வொரு பெட்டியாக எண்ணும் முணுமுணுப்பு. அப்புறம், "ஏனுங்க தம்பி, மினுக்குதுங்க! ரெண்டாவது பீரோ, அடியிலிருந்து மூணாவது பொட்டி" என்றார். ஆயிரக்கணக்கான கதிர்களில் அறுந்த இழை எது என்று நடந்துகொண்டே பார்க்கிற கண் அது. ஒரே நிமிஷத்தில் பிடித்துவிட்டது.

அது எங்களுடைய சர்வரேதான். எட்டு மாதம் முன்பு மதர்போர்டு மாற்றியிருக்கிறார்கள். போர்டு மாறினால் அதிலிருக்கும் பி.எம்.சி.யும் மாறும், அதன் மேக் அட்ரஸும் மாறும். பழைய மேக் அட்ரஸுக்கு ஒதுக்கி வைத்த விலாசம் அதற்குக் கிடைக்காமல் ஏதோ ஒரு விலாசத்தை எடுத்துக்கொண்டது. புது போர்டில் சீரியல் நம்பரை எழுத வேண்டும். எழுதாமலே போய்விட்டார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யாரென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதன் ஒரு பவர் சப்ளை செத்துக் கிடந்தது. யாருக்கும் தகவல் போகவில்லை. இன்னொன்றும் போயிருந்தால் அந்த யூனிட்டின் கணக்கு முழுக்க நின்றிருக்கும்.

பவர் சப்ளை எந்த நாளில் செத்தது என்று பதிவைப் பார்த்தால் 1970 ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது. கடிகாரம் வைக்காத பி.எம்.சி.க்கு எல்லாமே அந்த நாளில்தான் நடக்கும். நேரம் எடுத்துக்கொள்ள ஒரு என்.டி.பி. சர்வரைச் சொல்லி வைக்காவிட்டால் எத்தனை பதிவு இருந்தும் பயனில்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவில், என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு எல்லாக் கணினிகளும் ஒத்திருக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று வந்தபோது, பல இடங்களில் சர்வரை மட்டும் சரி செய்துவிட்டு பி.எம்.சி.யை மறந்துவிட்டார்கள். நான் போன இடத்திலெல்லாம் அதையும் சேர்த்துத்தான் வைத்தேன்.

இத்தனை வழியையும் திறந்து வைத்த பிறகு பூட்டு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தோட்டத்து வாசலுக்குப் பெரிய கேட் போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் வேலி இல்லாமல் விடுகிற வேலையாகிவிடும். பி.எம்.சி.க்குள் நுழைந்தவன் சர்வரை அணைக்கலாம், தன் சி.டி.யை மாட்டி ஓட்டலாம், டிஸ்கைத் துடைக்கலாம். மேலே ஓடும் ஆன்டிவைரஸுக்கு எதுவும் தெரியாது. பல வருஷம் ஐடிராக்கின் பாஸ்வேர்டு எல்லா சர்வருக்கும் 'கால்வின்' என்ற ஒரே சொல்தான். உலகத்துக்கே தெரியும். சூப்பர்மைக்ரோவில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. இப்படி ஒரே பாஸ்வேர்டோடு கருவி விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 2020 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த பிறகுதான் பெட்டிக்கு ஒரு பாஸ்வேர்டு என்பது பொதுவழக்கம் ஆனது.

2013-இல் டான் ஃபார்மர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டியது இன்னும் கவலை தருவது. ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பின்படி, உள்ளே வர அனுமதி கேட்கும் யாருக்கும், அவர் யாரென்று உறுதி செய்யும் முன்னாலேயே, பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டை பி.எம்.சி. அனுப்பிவிடும். அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் நிதானமாக உடைக்கலாம். இது எந்தக் கம்பெனியின் பிழையும் இல்லை, மொழியின் இலக்கணமே அப்படி. ஐலோ நான்காம் தலைமுறையில் இருந்த ஓட்டை 2017-இல் அடைக்கப்பட்டது. இணைப்புக் கேட்கும் தலைப்பில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. அதனால் டிஸ்கவரிக்கு முன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, தேவை இல்லாத இடத்தில் ஐ.பி.எம்.ஐ. நிறுத்தம், ஸ்பேனர் போர்ட்டுகளுக்கென்று தனி நெட்வொர்க். அந்த நெட்வொர்க்குக்கு இணையத்தோடு நேர் வழி எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் வாடிக்கையாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

தட்டிப் பார்ப்பதிலும் பக்குவம் வேண்டும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தபோது, உலகம் முழுக்க எல்லோரும் தங்கள் சர்வர்களில் அந்த ஓட்டை உண்டா என்று ஸ்கேன் போட்டார்கள். ஐலோவின் முதல் இரண்டு தலைமுறைகளில் அந்த ஓட்டை கிடையாது. ஆனால் அந்தச் சோதனைக் கேள்வியைத் தாங்காமல் அவை அப்படியே உறைந்துவிட்டன. சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி உயிர் வரும். நலமா என்று கேட்கப் போய் மூச்சை நிறுத்திய கதை. அதைப் படித்த நாளிலிருந்து பழைய பெட்டிகள் இருக்கும் இடத்தில் முழு வரிசையையும் ஒரே மூச்சில் ஸ்கேன் போடுவதில்லை. நாலு நாலாகப் போடுவேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நகரத்துக்குள் போக முடியவில்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ். நான் தொண்டாமுத்தூர்ச் சாளையில். பாக்குத் தோப்புக்குள் சிக்னல் நிற்காது. கிணற்று மேடையில் மோட்டார் ரூம் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதுதான் என் அலுவலகம். ஏப்ரலில் ஒரு நாள் ஒரு மருத்துவமனையின் ஆய்வகச் சர்வர் உறைந்துவிட்டது. பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போகவில்லை. அங்கே இருந்த டெக்னீஷியன் பதற்றத்தில், "என்னங்க, நீங்க வரலீங்களா? போலீஸ்கிட்ட நாங்க லெட்டர் குடுக்கறமுங்க" என்கிறார். "வந்துட்டனுங்க, உள்ளதான் இருக்கேன்" என்றேன். பி.எம்.சி. வழியாக அந்தத் திரை என் லேப்டாப்பில் தெரிந்தது. உறைந்த எழுத்துகள் அப்படியே நின்றிருந்தன. பவரை நிறுத்தினேன். பத்து வரை எண்ணினேன். மறுபடி போட்டேன். மெமரியைச் சோதிக்கும் வரிகள் ஒவ்வொன்றாக ஓடின. பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம். ஏழு நிமிஷத்தில் சர்வர் எழுந்தது.

அந்த மருத்துவமனையில் ஸ்பேனர் போர்ட்டுக்குக் கேபிள் போட 2018-இல் நான் கேட்டது ஒரு மணி நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள் என்று கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காத இன்னொரு இடமும் உண்டு. அங்கே அதே 2020 ஏப்ரலில் சர்வர் நின்றபோது, ரேக்கைத் திறக்கவே தெரியாத ஒருவருக்கு போனில் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் ஆனது.

இப்போது ஓடி ஆடும் வேலையை இளைய பிள்ளைகள் பார்க்கிறார்கள். பூலுவப்பட்டியிலிருந்து ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் அவளை அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினேன், புது சர்வர் ஆறு. முன்பக்கத்தில் நகத்தால் இழுத்தால் வெளியே வரும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதில்தான் சீரியல் நம்பரும் கம்பெனி போட்ட முதல் பாஸ்வேர்டும் அச்சடித்திருக்கும். எறும்பளவு எழுத்து. ரேக்கில் ஏற்றும்போது உடைந்து போகும், இல்லாவிட்டால் இரண்டு சர்வரின் நாக்கு மாறிப் போகும். ரேக்கில் ஏற்றும் முன்னாலேயே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, என்னிடம் வாசித்துக் காட்டி, பூட்டிய லெட்ஜரில் எழுதச் சொல்லியிருந்தேன்.

"அண்ணா, இது ஜீரோவுங்களா, ஓ-வுங்களா?"

"குறுக்குக் கோடு இருக்குதான்னு பாரு கண்ணு."

"இல்லீங்க. கொஞ்சம் குண்டா இருக்குது."

"பக்கத்துல சீரியல் நம்பர்ல ஜீரோ எப்படி இருக்குன்னு பாத்து ஒத்துப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் கிணற்று மேடையில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். ஐந்து வந்துவிட்டது, ஆறாவது வரி காலி. மோட்டார் ரூம் சுவரில் அப்பா எழுதிய நம்பர், பெயின்ட் உரிந்து, மேலே நான் இரண்டு முறை தீட்டியது. போனில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு ஆறாவது வரியில் சர்வரின் பெயர் வந்தது, ரேக் எண்ணோடு, அன்றைய தேதியோடு.

"வந்துருச்சுங்களா அண்ணா?"

"வந்துருச்சு. நாக்கை உள்ள தள்ளீட்டு, ரேக்கைப் பூட்டீட்டு வா."